மிக்சைட் குழுக் கனிமங்கள்: வாங்குவது முதல் லேபிள் எழுதுவது வரை

கனிமச் சந்தையில் சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் பச்சை ஊசிக் கொத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அது உண்மையில் என்ன என்று தெரியாமல் அலைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி அலைந்தவன்தான். விற்றவர் ஒரு பெயர் சொன்னார். மூத்த சேகரிப்பாளர் ஒருவர் வேறு பெயர் சொன்னார். ஆய்வுக்கு அனுப்பியபோது மூன்றாவதாக ஒரு பெயர் வந்தது, அந்த மூன்றாவது பெயரும் தவறு என்று பிறகு தெரிந்தது. நான் இருப்பது ஜெர்மனியின் தென்மேற்கில், ஷ்வார்ஸ்வால்ட் மலைக்காட்டுக்குப் பக்கத்தில். எனவே செலவும் சுங்கமும் இங்குள்ள நிலவரப்படி சொல்கிறேன். மற்றவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மிக்சைட் குழுவில் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. ஆகவே பணத்தை மாதிரிக்குச் செலவழிப்பதைவிட ஆய்வுக்குச் செலவழியுங்கள்.

1. முதலில் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மிக்சைட் குழு என்பது தாமிர ஆர்சனேட்டுகளின் (தாமிரமும் ஆர்சனிக்கும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமங்களின்) ஒரு சிறு குடும்பம். எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே எலும்புக்கூடு: ஆறு தாமிர அணுக்கள், மூன்று ஆர்சனேட் தொகுதிகள், ஆறு ஹைட்ராக்சில், அதிகபட்சம் மூன்று நீர் மூலக்கூறுகள். இவற்றோடு ஒரே ஓர் இடம் மட்டும் மாறும். அந்த இடத்தில் எந்தத் தனிமம் உட்காருகிறதோ அதை வைத்துத்தான் பெயர்.

பிஸ்மத் இருந்தால் மிக்சைட். இட்ரியம், லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமம் இருந்தால் அகார்டைட். கால்சியம் இருந்தால் ஸாலெஸியைட், அலுமினியம் இருந்தால் கௌடேயைட், ஈயம் இருந்தால் பிளம்போ அகார்டைட். ஆர்சனேட்டுக்குப் பதில் பாஸ்பேட் வந்துவிட்டால் பீட்டர்சைட் என்று பெயரே வேறாகிவிடும்.

படிகம் அறுகோண வகை. கட்டமைப்புக்குள் நீள வாக்கில் சுரங்கம் போன்ற வெற்றிடங்கள் ஓடுகின்றன, நீர் அவற்றில்தான் தங்கியிருக்கிறது. சூடாக்கினால் நீர் வெளியேறும், ஈரம் கிடைத்தால் திரும்பவும் ஏறும். கடினம் மோஸ் அளவையில் 3 முதல் 4 வரை. ஆனால் முடியைவிட மெல்லிய ஊசியில் கடினத்தைச் சோதிக்க முடியாது என்பதால் அந்த எண் புத்தகத்துக்கு மட்டுமே உதவும். நிறத்தையும் நம்ப வேண்டாம். வெள்ளை, வெளிர்நீலம், நீலப்பச்சை, மஞ்சள்பச்சை என்று எல்லாம் வரும். “வெளிறியிருந்தால் மிக்சைட், மஞ்சள் கலந்த பச்சை என்றால் அகார்டைட்” என்று சந்தையில் அடித்துச் சொல்வார்கள். புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

2. எந்த ஊர்க் கல் என்று முடிவு செய்யுங்கள்

தொடக்கத்திலேயே உலகம் முழுவதிலும் இருந்து வாங்காதீர்கள். ஒரு சுரங்கப் பகுதியைப் பிடித்துக்கொண்டால் அங்கே என்னென்ன கிடைக்கும் என்பது பழகிவிடும்.

கிரேக்கத்தின் லாவ்ரியோன் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. பழைய சுரங்கப் பகுதி என்பதால் சந்தையில் மாதிரிகள் தாராளமாகப் புழங்குகின்றன. நான் அங்கிருந்து வந்தவற்றுக்குக் கொடுத்தது பெரும்பாலும் பத்து யூரோவைத் தாண்டவில்லை. நியோடிமியம் மிகுந்த அகார்டைட் முதலில் விவரிக்கப்பட்டதும் லாவ்ரியோனின் ஹிலாரியோன் சுரங்கத்திலிருந்துதான். ஒரு சிக்கல்: அங்கே அகார்டைட்டும் வரும், ஸாலெஸியைட்டும் வரும், இரண்டுக்கும் இடைப்பட்ட கலவைகளும் வரும். விலை மலிவு, பெயர் சூட்டுவது கடினம்.

ஷ்வார்ஸ்வால்ட்டின் கிளாரா சுரங்கம் அடுத்தது. பேரைட்டும் ஃபுளோரைட்டும் எடுக்கும், இன்றும் இயங்கும் சுரங்கம். நானூறுக்கும் மேற்பட்ட கனிம வகைகள் அங்கே பதிவாகியுள்ளன. சீரியம் அகார்டைட்டும் பிளம்போ அகார்டைட்டும் முதலில் விவரிக்கப்பட்டது இங்கேதான்.

பிஸ்மத் வேண்டுமென்றால் பிஸ்மத் தாது இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். மிக்சைட்டின் சொந்த ஊர் செக் நாட்டின் யாஹிமோவ். ஷ்வார்ஸ்வால்ட்டில் என்றால் விட்டிஷன் பக்கத்துக் கோபால்ட், பிஸ்மத் சுரங்கங்கள். மாதிரி வந்த தாது நாளத்தில் பிஸ்மத் சுவடே இல்லை, ஆனால் லேபிளில் மிக்சைட் என்றிருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். மொராக்கோவின் பூ ஸ்கூர் இட்ரியம் அகார்டைட்டுக்கும், அமெரிக்காவில் நெவாடாவின் மஜூபா ஹில் கௌடேயைட்டுக்கும் மூல இடங்கள், அதாவது முதலில் விவரிக்கப்பட்ட இடங்கள். இவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

3. வாங்கும்போது கேட்க வேண்டிய தாள்கள்

கல்லைவிட அதனுடன் வரும் சீட்டுதான் முக்கியம். சுரங்கத்தின் பெயர், ஊர், மாநிலம், நாடு, கிடைத்த ஆண்டு, யார் யார் கைமாறியது ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். “லாவ்ரியோன், கிரேக்கம்” என்று மட்டும் இருந்தால் போதாது. அந்தப் பகுதியில் சுரங்கங்கள் ஏராளம். எந்தச் சுரங்கம் என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பெயர் எழுதியிருக்கும் விதத்தையும் கவனியுங்கள். அகார்டைட் என்று வெறுமனே எழுதியிருந்தால் அது முழுப் பெயர் அல்ல. எந்த அருமண் தனிமம் மிகுதியோ அதன் குறியீடு பெயருக்குப் பின்னால் இணைப்புக் கோடு போட்டு அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும். குறியீடு இல்லை என்றால் யாரும் ஆய்வு செய்யவில்லை என்று பொருள். அதில் தவறில்லை, ஆனால் ஆய்வு செய்த மாதிரியின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

இனி பெரிய பொறி. “ஆய்வு செய்யப்பட்டது” என்று விற்பவர் சொன்னால், எந்தக் கல் என்று கேளுங்கள். பல நேரங்களில் ஆய்வு நடந்தது அதே சுரங்கத்தின் வேறொரு கல்லில். அந்தப் பெயரை வைத்தே ஒரு பெட்டி முழுவதையும் விற்றுவிடுவார்கள். எனக்கு விற்றவர் நேர்மையானவர்தான், அவரே அதை நம்பியிருந்தார் என்பதுதான் கொடுமை. இந்தக் கல்லிலிருந்து எடுத்த ஊசி என்றால் ஆய்வு எண்ணும் நிறமாலைப் படமும் (என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் வரைபடம்) இருக்கும். அவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும்.

பழைய லேபிள் தவறாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அது அந்தக் கல்லின் பிறப்புச் சான்றிதழ். உங்கள் புதிய லேபிளை அதனுடன் சேர்த்து வையுங்கள்.

4. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

கிரேக்கத்திலிருந்தோ செக் நாட்டிலிருந்தோ ஜெர்மனிக்கு வந்தால் சுங்கப் பேச்சே இல்லை. அமெரிக்கா, மொராக்கோ, பிரிட்டன், ஸ்விட்சர்லாந்து என்றால் உண்டு.

சேகரிப்புக்கான கனிம மாதிரிகளுக்கு உலகச் சுங்க வரிசையில் தனித் தலைப்பு இருக்கிறது: 9705. அதன் கீழ் 9705.29 என்ற பிரிவில் இவை அடங்கும். அனுப்புபவரிடம் சுங்கப் படிவத்தில் இந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். பொருளின் பெயராக “சேகரிப்புக்கான கனிம மாதிரி” என்று எழுதட்டும், ‘கல்’ என்றோ ‘அலங்காரப் பொருள்’ என்றோ ‘பரிசு’ என்றோ வேண்டாம். ஜெர்மனியில் இந்தத் தலைப்பில் வந்தால் சுங்க வரி கிடையாது, இறக்குமதி மதிப்புக் கூட்டு வரி 7 சதவீதம். வேறு தலைப்பில் போய் விழுந்தால் 19 சதவீதம். தபால் செலவையும் சேர்த்து 40 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2 யூரோ 80 சென்ட் கட்ட வேண்டிய இடத்தில் 7 யூரோ 60 சென்ட். சிறு தொகைக்கு விலக்கு உண்டு என்ற பழைய நினைப்பில் இருக்காதீர்கள். 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வாங்கி வரவழைக்கும் பொருளுக்கு முதல் யூரோவிலிருந்தே இந்த வரி உண்டு.

வரியைவிட எரிச்சலூட்டுவது, அதை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் போடும் கட்டணம். மலிவான மாதிரிக்கு அது வரியைவிட அதிகமாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொன்றாக வரவழைக்காமல் சேர்த்து வாங்குங்கள். விலைச்சீட்டைப் பொட்டலத்தின் வெளியே ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே வைத்தால் பொட்டலம் சுங்க அலுவலகத்தில் தங்கிவிடும், நீங்கள் நேரில் போய் நின்று விளக்க வேண்டிவரும். மதிப்பைக் குறைத்து எழுதுவதாக விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். தொலைந்தால் ஈட்டுத்தொகையும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் கிடைக்கும்.

5. நீங்களே தேடிப் போவதென்றால்

கிளாரா சுரங்கத்துக்குள் பொதுமக்கள் போக முடியாது. ஆனால் அங்கிருந்து வெட்டியெடுத்த கற்களை வோல்ஃபாக் ஊரின் கிர்ன்பாக் பள்ளத்தாக்கில் கொட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு தேட விடுகிறார்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும். திறக்கும் நாள்களையும் கட்டணத்தையும் கிளம்புவதற்கு முன் அவர்களுடைய தளத்தில் பார்த்துவிடுங்கள். ரயிலில் வருபவர்கள் ஹவுஸாக்கில் இறங்கி, ஃப்ராய்டன்ஷ்டாட் பக்கம் போகும் வண்டிக்கு மாற வேண்டும். வோல்ஃபாக் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

போவதற்கு முன் ஓபர்வோல்ஃபாக்கில் உள்ள ‘மிமா’ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. கனிமங்களுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஓர் அருங்காட்சியகம். எந்த மாதிரிப் பாறையில், எந்த மாதிரிக் குழியில் ஊசிகள் உட்கார்ந்திருக்கும் என்பது கண்ணுக்குப் பழகினால்தான் குவியலில் தேட முடியும். துருப்பிடித்த பழுப்புக் குழிகள் உள்ள பேரைட், ஃபுளோரைட் துண்டுகளைப் பாருங்கள். முழு வெள்ளையாக, பளிச்சென்று இருக்கும் துண்டில் இந்தக் குழுவைத் தேடுவது வீண். மழை பெய்து கழுவிய மறுநாள் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சுத்தி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பத்து மடங்கு கை லென்ஸ் எடுத்துச் செல்லுங்கள். கிடைத்ததைப் பஞ்சிலோ மென்தாளிலோ சுற்றாதீர்கள். பஞ்சின் இழையில் ஊசிகள் மாட்டி வேரோடு வந்துவிடும். ஊசி எதையும் தொடாதபடி சிறு பெட்டியில் கல்லின் அடிப்பகுதியை மட்டும் இறுக்கி வையுங்கள். நுழைவுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எங்கே, எப்போது எடுத்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை.

6. வீட்டில் செய்யக்கூடியவை, செய்யக்கூடாதவை

செய்யக்கூடாதவை முதலில். எடைக்கு எடை பார்த்தால் இந்தக் கனிமங்களில் ஐந்தில் ஒரு பங்கு ஆர்சனிக். பழைய புத்தகங்களில் சுடரில் வாட்டி, பூண்டு வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்க்கச் சொல்லியிருப்பார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். அந்த வாசனைதான் நஞ்சு. அரைப்பது, அறுப்பது, உலர்ந்த தூரிகையால் துடைப்பது எதுவும் வேண்டாம். சாப்பாட்டு மேசை வேண்டவே வேண்டாம். கல்லைத் தொட்டால் கை கழுவுங்கள், மேசையை ஈரத்தாளால் துடையுங்கள்.

தண்ணீரும் வேண்டாம். ஒரு சொட்டு பட்டால் ஊசிகள் எண்ணெய் தடவிய தலைமுடி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகும் பிரியாது. அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் கொத்தே இருக்காது. தூசி இருந்தால் ரப்பர் ஊதுகுழலால் தள்ளி நின்று மெதுவாக ஊதுங்கள், அவ்வளவுதான்.

இனி செய்யக்கூடியவை. பத்து முதல் நாற்பது மடங்கு வரை காட்டும் இருகண் நுண்ணோக்கி ஒன்று வாங்கிவிடுங்கள். பழையது போதும். கண்ணால் செய்யும் வேலை, பெயர் சூட்டுவது அல்ல, வேறு கனிமங்களைக் கழித்துக்கட்டுவது. ஊசி நேராக, விறைப்பாக, அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனில் இருந்து, ஒரு புள்ளியிலிருந்து விரிந்தால் மிக்சைட் குழுவாக இருக்கலாம். பட்டுப்போலப் பளபளத்தால் மலக்கைட்டையும் நினைவில் வையுங்கள். ஆலிவ் பச்சையில் தடித்த ஊசி என்றால் ஆலிவெனைட் பக்கம் யோசியுங்கள். நல்ல நீலமென்றால் சயனோட்ரைக்கைட் இருக்கலாம்.

மலக்கைட்டையும் ஆரிகால்சைட்டையும் கழிக்க ஒரு வழி: உதிர்ந்த ஓர் ஊசியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள். குமிழி வந்தால் கார்பனேட். சத்தமில்லாமல் கரைந்தால் ஆர்சனேட்டாகவோ சல்பேட்டாகவோ இருக்கலாம். அமிலத்தைக் கல்லின் மேலேயே விடுபவர்கள் இரண்டு வகையில் கெடுகிறார்கள்: மாதிரி பாழாகிறது, அடியிலிருக்கும் கால்சைட் குமிழி விட்டு ஏமாற்றியும் விடுகிறது.

புற ஊதா விளக்கும் கொஞ்சம் உதவும். தாமிரம் ஒளிர்வை அணைத்துவிடும். வெளிர்பச்சை ஊசி புற ஊதாவில் பளீரென்று ஒளிர்ந்தால் அது நம் குழு அல்ல, தாமிரம் இல்லாத அடமைட்டாக இருக்க வாய்ப்புண்டு.

இவ்வளவும் முடிந்த பிறகு லேபிளில் நீங்கள் எழுதக்கூடியது “மிக்சைட் குழு?” என்பது மட்டுமே. அந்தக் கேள்விக்குறிக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

7. ஆய்வுக்கு அனுப்புதல்

இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கட்டமைப்பு மிக்சைட் வகையா என்பது முதலாவது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறை அதற்குப் பதில் சொல்லும். மாறும் இடத்தில் எந்தத் தனிமம் என்பது இரண்டாவது. எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த இ.டி.எஸ். முறை (எலக்ட்ரான் கற்றை பட்டதும் தனிமங்கள் விடும் எக்ஸ் கதிர்களின் ஆற்றலை அளப்பது) அதற்குப் பதில் சொல்லும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. குடும்பம் முழுவதற்கும் அலகுக் கூட்டின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான் (13.6 ஆங்ஸ்ட்ராம், 5.9 ஆங்ஸ்ட்ராம்). ஆகவே எக்ஸ் கதிரை மட்டும் வைத்து உறுப்பினர் பெயரைச் சொல்ல முடியாது. கையில் காசு குறைவு என்றால் முதலில் இ.டி.எஸ். செய்யுங்கள்.

பல்கலைக்கழகக் கூடங்கள் வெளியாருக்குச் செய்து கொடுத்தால் விலை அதிகம். சேகரிப்பாளர்களுக்காகவே இந்தச் சேவை செய்யும் தனிநபர்கள் இருக்கிறார்கள். கனிமச் சங்கத்தில் சேர்ந்தால் அவர்களின் அறிமுகம் கிடைக்கும். நான் பார்த்தவரை ஒரு மாதிரிக்குச் சில பத்து யூரோ ஆகிறது, அதாவது ஒரு நல்ல மைக்ரோமவுண்ட்டின் (நுண்ணோக்கியில் பார்ப்பதற்கென்று சிறு பெட்டியில் நிறுத்திய மாதிரியின்) விலை. காத்திருப்பு வாரக்கணக்கில் இருக்கும், மாதக்கணக்கிலும் போகும். மாதிரிகளை வைக்கும் தாங்கியில் பல மாதிரிகள் சேர்ந்த பிறகே இயந்திரத்தை ஓட்டுவார்கள். அவசரப்படுத்தினால் பதில் வராது.

அனுப்பும்போது இவற்றை எழுதிக் கேளுங்கள்:

ஊசியைக் கல்லிலிருந்து பிரித்துக் கார்பன் ஒட்டுநாடாவின் மேல் வைக்க வேண்டும். தாமிர நாடா கூடாது. நாடா தடிமனாக இருக்கட்டும், இல்லையென்றால் அடியிலிருக்கும் அலுமினியத் தாங்கி தெரிந்து, எல்லாமே கௌடேயைட் ஆகிவிடும்.

ஊசியின் மேல் போடும் பூச்சு கார்பனாக இருக்கட்டும். நிறமாலையில் தங்கப் பூச்சின் கோடு பாஸ்பரஸ் கோட்டின் அருகில் விழும் (கோடு என்றால் என்ன என்பது 8ஆம் படியில் வருகிறது).

இருபது கிலோவோல்ட் அல்லது அதற்கு மேல் வேண்டும். குறைத்தால் ஆர்சனிக், ஈயம், பிஸ்மத் ஆகியவற்றின் உயர் ஆற்றல் கோடுகள் சரியாக எழாது.

ஒரு புள்ளி போதாது. பல ஊசிகளில், அடியிலும் நுனியிலும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே கொத்தில் ஊசிக்கு ஊசி கலவை மாறும்.

முடிவு அட்டவணை மட்டுமல்ல, நிறமாலைக் கோப்பும் வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

8. வந்த அறிக்கையைப் படிப்பது

இந்தப் படியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். எனக்கு வந்த மூன்றாவது பெயர் தவறானதும் இங்கேதான். மென்பொருள் தானாகத் தனிமங்களுக்குப் பெயர் போட்டுக்கொண்டே போகும். அதை அப்படியே நம்பி அறிக்கை அனுப்பிவிடுகிறார்கள்.

நிறமாலையில் ஒவ்வொரு தனிமத்துக்கும் குறிப்பிட்ட ஆற்றலில் கோடு எழும். அலகு கிலோ எலக்ட்ரான் வோல்ட். இனி எண்ணை மட்டும் தருகிறேன்.

ஆர்சனிக்கின் முக்கியக் கோடு 10.54. ஈயத்தின் ஒரு முக்கியக் கோடு 10.55. இந்தக் கருவியின் பார்வையில் இரண்டும் ஒன்றே. ஆர்சனேட் எல்லாவற்றிலும் ஆர்சனிக் இருப்பதால், அந்த இடத்தைக் காட்டி “ஈயம் இருக்கிறது” என்று சொல்லவே முடியாது. சரி, ஈயத்தின் இன்னொரு கோட்டைப் பார்க்கலாம் என்று 2.35க்குப் போனால், அங்கே 2.31இல் கந்தகம் உட்கார்ந்திருக்கும். கிளாரா சுரங்கத்துக் கல் என்றால் அடியில் பேரைட், பேரைட் என்றால் பேரியம் சல்பேட். மெல்லிய ஊசியைத் துளைத்துக்கொண்டு எலக்ட்ரான் கற்றை பேரைட்டைத் தொட்டுவிட்டால் கந்தகம் ஈயமாக வேடம் போடும். ஈயத்தை நம்ப வேண்டுமானால் 12.6 அருகிலும் கோடு இருக்க வேண்டும். பிஸ்மத்தும் இதே வட்டாரம்தான்: 2.42இல் உள்ளதை நம்பாதீர்கள், 13.0இல் பாருங்கள்.

பேரைட் செய்யும் இன்னொரு திருட்டு இதைவிட மோசம். பேரியத்தின் இரண்டாவது கோடு 4.83. சீரியத்தின் முதல் கோடு 4.84. அதாவது பேரைட் மேல் உட்கார்ந்திருக்கும் எந்தப் பச்சை ஊசியையும் சீரியம் அகார்டைட் என்று சொல்லிவிடலாம்! அதே சுரங்கம்தான் சீரியம் அகார்டைட்டின் மூல இடமும் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. சரிபார்ப்பது எளிது. 4.47இல் பேரியத்தின் முதல் கோடு எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுந்திருந்தால் சீரியத்தை ஏற்காதீர்கள், வேறொரு ஊசியைப் பிரித்து வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். என் அறிக்கையில் 4.47இல் தெளிவான கூர்முனை இருந்தது, அதை யாரும் பெயரிடக்கூட இல்லை.

உண்மையிலேயே சீரியம் இருந்தாலும் அதன் இரண்டாவது கோடு 5.26. நியோடிமியத்தின் முதல் கோடு 5.23. எனவே சீரியம் மிகுந்த ஊசியில் நியோடிமியம் கூடுதலாகத் தெரியும். கோடுகளைப் பிரித்துக் கணக்கிட்டார்களா என்று கேளுங்கள். இட்ரியத்தின் ஒரு கோடு (2.00) பாஸ்பரஸோடு (2.01) ஒன்றிவிடும். சிறிதளவு பாஸ்பேட் இருப்பதாக அறிக்கை சொன்னால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விகிதம். எடை சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அணு சதவீதத்தைப் பாருங்கள். சுத்தமான மிக்சைட்டில் எடைப்படி பிஸ்மத் 18 சதவீதம், ஆர்சனிக் 19 சதவீதம். ஏறக்குறைய சமம் போலத் தெரியும். அணுக்களை எண்ணினால் ஒன்றுக்கு மூன்று. உங்களுக்கு வேண்டியது மாறும் தனிமம், தாமிரம், ஆர்சனிக் மூன்றுக்கும் 1 : 6 : 3 என்ற விகிதம்.

தாமிரமும் ஆர்சனிக்கும் இரண்டுக்கு ஒன்று என்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஆலிவெனைட்டிலும் ஸ்ட்ராஷிமிரைட்டிலும் அதே இரண்டுக்கு ஒன்றுதான். வேறுபாடு அந்தப் பத்தில் ஒரு பங்குத் தனிமத்தில் மட்டுமே இருக்கிறது. விகிதம் இரண்டரைக்கு ஒன்று என்றால் கார்ன்வாலைட்டோ கார்னுபைட்டோ, மூன்றுக்கு ஒன்று என்றால் கிளினோகிளேஸ். கால்சியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றும் சமம் என்றால் கோனிகால்சைட், ஸாலெஸியைட் அல்ல. அகார்டைட்டில் அந்தப் பத்தில் ஒரு பங்கையே நான்கைந்து அருமண் தனிமங்கள் பங்குபோட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றின் கோடும் சிறியதாகத்தான் இருக்கும். ஆகவே அளவீட்டு நேரத்தைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள்.

9. பெயரை முடிவு செய்வது

ஓர் எடுத்துக்காட்டு. மாறும் இடத்தில் கால்சியம் 0.40, இட்ரியம் 0.25, நியோடிமியம் 0.20, லாந்தனம் 0.15 என்று வந்திருக்கிறது. தனியாகப் பார்த்தால் கால்சியம்தான் அதிகம், எனவே ஸாலெஸியைட் என்று முடிவு கட்டத் தோன்றும். அது தவறு. முதலில் அருமண் தனிமங்களை ஒரே அணியாகக் கூட்ட வேண்டும்: 0.60. அது கால்சியத்தின் 0.40ஐ வெல்கிறது. ஆகவே அகார்டைட். அதற்குப் பிறகு அணிக்குள் யார் பெரியவர் என்று பார்க்க வேண்டும். இட்ரியம். ஆகவே இட்ரியம் அகார்டைட்.

வித்தியாசம் மிகச் சிறிதாக இருந்தாலோ, ஒவ்வொரு புள்ளியிலும் வெவ்வேறு தனிமம் வென்றாலோ, “அகார்டைட் வரிசை” என்று எழுதிவிட்டு எண்களைக் கீழே குறித்துவையுங்கள். வற்புறுத்திப் பெயர் சூட்டாதீர்கள்.

10. லேபிள், பெட்டி, பத்திரம்

லேபிளில் பெயர், முழு இட விவரம், எப்போது யாரிடம் வாங்கியது அல்லது எடுத்தது, ஆய்வு முறை, ஆய்வு எண், ஊசி இதே கல்லிலிருந்து எடுக்கப்பட்டதா என்ற குறிப்பு, இவை இருக்க வேண்டும். மை மங்காத பேனா. பெட்டிக்குள் ஒன்று, குறிப்பேட்டில் அல்லது கணினியில் ஒன்று. நிறமாலைக் கோப்புக்கு மாதிரியின் எண்ணையே பெயராக வையுங்கள்.

கல்லை மூடியுள்ள தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியில் அடிப்பகுதியை மட்டும் ஒட்டி நிறுத்துங்கள். சுவரொட்டிக்குப் பயன்படும் பிசின் உருண்டையைத் தவிருங்கள், அதிலிருந்து கசியும் எண்ணெய் நுண்துளைப் பாறையில் ஏறிக் கறையாகும். காட்சி விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும். ஹாலஜன் விளக்கின் சூடு நீர் கொண்ட கனிமங்களுக்கு ஆகாது.

உதிர்ந்த தூளையும் துடைத்த தாளையும் மூடியுள்ள பையில் சேர்த்து, ஊராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள். குப்பைத்தொட்டியிலோ கழிவுநீர்க் குழாயிலோ போடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டிகளைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள், அலமாரியின் உள்பக்கம் “ஆர்சனிக் உண்டு” என்று எழுதி ஒட்டுங்கள். மாதிரியைப் பிறகு யாருக்காவது விற்றாலும் கொடுத்தாலும் லேபிள்கள் அனைத்தையும், அறிக்கையின் நகலையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.